எலைன் ஷோவால்டரை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கும் நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், அமெரிக்கப் பெண்ணிய இலக்கிய விமர்சகரான எலைன் ஷோவால்டர் என்றால் மூன்று கட்டங்கள், நான்கு மாதிரிகள், கைனோகிரிடிசிசம் என்ற ஒரு சொல், அவ்வளவுதான். நானும் கைடு பார்த்து அப்படித்தான் படித்தேன், தேர்வு முடிந்த மறுவாரம் எதுவும் மனதில் இல்லை. பிறகு அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் சேர்த்து வைத்துப் படித்தபோதுதான் அந்த ஆண்டுகளும் சொற்களும் ஏன் அங்கே இருக்கின்றன என்று புரிந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து அவருடைய ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். 1941இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தார். 1962இல் பிரின் மார் கல்லூரியில் பட்டம், 1970இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் முனைவர் பட்டம். இந்த 1970ஐச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். விக்டோரியா காலத்து விமர்சகர்கள் ஆண் எழுத்துக்கு ஓர் அளவுகோலும் பெண் எழுத்துக்கு இன்னோர் அளவுகோலும் வைத்திருந்ததைப் பற்றித்தான் அவருடைய ஆய்வேடு. ஜார்ஜ் எலியட் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும், அதுவரை 'ஆடம் பீட்' நாவலைப் புகழ்ந்தவர்களின் பேச்சே மாறிப்போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஷோவால்டர் பின்னாளில் எழுதிய பலவற்றுக்கும் விதை அந்த ஆய்வேட்டில்தான் இருக்கிறது.

அப்புறம், பெரிய நூலில் ஆரம்பிக்காதீர்கள். 1979இல் வந்த 'டுவர்ட்ஸ் எ ஃபெமினிஸ்ட் பொயடிக்ஸ்' கட்டுரையை முதலில் எடுங்கள். அதில் தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' பற்றிய பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். குடிபோதையில் ஒருவன் சந்தையில் மனைவியை ஏலம் விடுகிறான். இர்விங் ஹவ் என்ற பெரிய விமர்சகர், மனைவி என்ற சுமையை உதறிவிட்டு ஓர் ஆண் விடுதலையாகும் அருமையான தொடக்கம் என்கிற தொனியில் அந்தக் காட்சியை வியந்திருப்பார். ஷோவால்டர் திரும்ப நாவலுக்கே போய்க் காட்டுகிறார்: அவன் விற்றது மனைவியை மட்டுமா? கைக்குழந்தையான மகளும் கூடவே போகிறாளே, அது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் நாவலைப் படித்தபோது அந்தக் குழந்தையை நானும் கவனிக்கவில்லை.

ஆண்கள் எழுதியதைப் பெண் வாசகராக இப்படித் திரும்பப் படிப்பது ஒரு வேலை. அதோடு நிற்காமல் பெண்கள் எழுதியதைத் தேடிப்போய், அதன் வரலாறு, வடிவம், மொழி எல்லாவற்றையும் ஆராய்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவதற்குத்தான் அவர் கைனோகிரிடிக்ஸ் என்று பெயர் வைத்தார், கைடுகளில் வரும் கைனோகிரிடிசிசம் இதுதான்.

சரி, இப்போது ஆங்கிலப் பெண் எழுத்தாளர்களின் வரலாற்றை அவர் பிரித்த அந்த மூன்று கட்டங்கள். 1840 முதல் 1880 வரை ஃபெமினின், 1920 வரை ஃபெமினிஸ்ட், அதற்குப் பிறகு ஃபீமேல். எண்களை மட்டும் உருப்போட்டால் குழம்பும், காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. 1840களில் பெண்கள் ஆண் பெயரில் எழுத ஆரம்பித்தார்கள், 1880 ஜார்ஜ் எலியட் இறந்த ஆண்டு, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் வாக்குரிமை கிடைத்தது. அதாவது ஆண்களின் அளவுகோலை ஏற்று எழுதிய காலம், எதிர்த்து எழுதிய காலம், தங்கள் அனுபவத்தைத் தங்களுக்குள்ளேயே தேடிய காலம்.

இதற்குப் பிறகு 1977இல் வந்த 'எ லிட்ரேச்சர் ஆஃப் தேர் ஓன்' நூலுக்குப் போகலாம். தலைப்பு 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' எழுதிய வர்ஜீனியா உல்ஃபிடமிருந்து வந்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1869இல் எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து எடுத்தது. நூலின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்பது என் யோசனை. அங்கே பெண் எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் வரிசையாக இருக்கும், நம் பாடத்திட்டத்தில் வரவே வராத பெயர்கள். அதைப் புரட்டிவிட்டு மேரி பிராடன், சாரா கிராண்ட் போன்றவர்களைப் பற்றிய அத்தியாயங்களுக்கு வந்தால் அவர் எவ்வளவு தோண்டியிருக்கிறார் என்று தெரியும். பிராண்டி சகோதரிகளுக்கும் எலியட்டுக்கும் நடுவே வெற்றிடம் இல்லை, எழுதித் தள்ளிய பெண்கள் இருந்தார்கள், நாம்தான் அவர்களைத் தொலைத்துவிட்டோம் என்பதுதான் அவருடைய வாதம்.

பெண் எழுத்து எதில் வேறுபடுகிறது என்று விளக்கும் உயிரியல், மொழி, உளவியல், பண்பாடு என்ற நான்கு மாதிரிகள் 'ஃபெமினிஸ்ட் கிரிடிசிசம் இன் த வில்டர்னஸ்' என்ற 1981 கட்டுரையில் இருக்கின்றன. அவர் சாய்வது நான்காவதின் பக்கம், மற்ற மூன்றையும் அது உள்ளடக்கும் என்பது அவர் கருத்து. தேர்வுக்கு அது போதும்.

அவரை மறுத்தவர்களையும் கட்டாயம் படியுங்கள். 1985இல் டோரில் மோய் என்ற பெண்ணிய விமர்சகர், ஷோவால்டர் உல்ஃபைச் சரியாகப் படிக்கவில்லை, எழுத்தை எழுதியவரின் அனுபவமாக மட்டும் பார்க்கிறார் என்று கடுமையாகவே எழுதினார். உல்ஃப் விஷயத்தில் மோய் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதே 1985இல் ஷோவால்டர் பெண்களும் மனநோயும் பற்றி 'தி ஃபீமேல் மேலடி' எழுதினார், அது அருமையான நூல். 1997இல் நாள்பட்ட சோர்வு நோயையும் வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வந்த நோயையும் ஹிஸ்டீரியா வரிசையில், அதாவது மனத்திலிருந்து கிளம்பும் நோய்களாக, வைத்து எழுதியபோது நோயாளிகள் கொதித்துப்போனார்கள், அந்தக் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டு, 1998இல், அவர் அமெரிக்காவின் மொழி, இலக்கியப் பேராசிரியர்கள் சங்கமான மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷனின் தலைவர். முன்பு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியான டக்ளஸில் பாடம் நடத்தியவர், 1984இல் பிரின்ஸ்டன் போய் 2003இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. 2009இல் அமெரிக்கப் பெண் எழுத்தாளர்களின் வரலாற்றை 'எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்' என்று எழுதினார். அந்தத் தலைப்பு சூசன் கிளாஸ்பெல்லின் 1917 சிறுகதையுடையது. ஒரு பண்ணை வீட்டில் கொலை, ஆண்கள் மாடியிலும் கொட்டகையிலும் தடயம் தேடுகிறார்கள், சமையலறையில் நிற்கும் இரண்டு பெண்கள் கோணலான தையலையும் கழுத்து முறிந்த ஒரு பறவையையும் பார்த்து நடந்ததைப் புரிந்துகொள்கிறார்கள். முதலில் அந்தக் கதையை வாசியுங்கள், ஒரு மணி நேரம் கூட ஆகாது. அந்தப் பெண்கள் என்னென்ன பொருளைப் பார்த்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் 1979 கட்டுரையைத் திறங்கள்.