ரைல்ஸ் டியூப் வைத்த பக்கவாத நோயாளி: வீட்டில் நடக்கும் தவறுகள்

பக்கவாதம் வந்து விழுங்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்பும்போது, மூக்கு வழியாக வயிற்றுக்குள் உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் இருக்கும். வீட்டாரின் கையில் ஒரு 50 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அன்று மாலையே மகனோ மருமகளோ, ஏஜென்சி அனுப்பிய புது அட்டெண்டரோ வேலையைத் தொடங்கியாக வேண்டும். சென்னையில் வீடு வீடாகப் போய் இந்தக் கவனிப்பைச் சொல்லித்தரும் செவிலியர் நான். பயிற்சிக் காலத்தில் சீனியர் சிஸ்டர்கள் எங்களை எதற்காகக் கடிந்துகொண்டார்களோ, அதே தவறுகளைத்தான் பெரம்பூரிலும் பார்க்கிறேன், வேளச்சேரியிலும் பார்க்கிறேன். கை கழுவுவது, விரிப்பை மாற்றுவது போன்றவற்றை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

காற்றுச் சத்தத்தை நம்புவது

சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டால் டியூப் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பழைய வழக்கம். இதை நம்பக் கூடாது. டியூபின் நுனி உணவுக்குழாயிலோ நுரையீரலிலோ இருந்தாலும் அதே போன்ற சத்தம் கேட்கலாம். புதிதாக டியூப் போட்டதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. அப்படி உறுதியானதும், மூக்குத் துவாரத்தை ஒட்டி டியூபின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை ஊட்டும் முன்பும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாந்தியோ கடும் இருமலோ வந்திருந்தால், டார்ச் அடித்து வாய்க்குள்ளும் பாருங்கள். டியூப் தொண்டையில் சுருண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்.

‘ஒரு வாய்தானே, சிஸ்டர்’

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் கோளாறு இருக்கும். நாம் விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சுப்பாதை மூடிக்கொண்டு உணவுக்குழாய் திறக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மூளையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால் எது நீர்த்து வேகமாக ஓடுகிறதோ அதுதான் அதிக ஆபத்து. வீட்டில் எல்லோரும் இதை நேர்மாறாகவே நினைக்கிறார்கள். “இட்லி கொடுத்தால் அடைத்துக்கொள்ளும், காபி தண்ணீர் மாதிரிதானே, தானாக இறங்கிவிடும்” என்கிறார்கள். இறங்கத்தான் செய்கிறது, ஆனால் மூச்சுக்குழாயில். மூடி பொருந்தாத பாட்டிலில் தேன் நிற்கும், தண்ணீர் கசிந்துவிடும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

புரை ஏறினால் இருமல் வருமே என்று கேட்பார்கள். தொண்டையின் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு இருமலே வராமல் போகலாம். காபி நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும், அவர் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். ‘நன்றாகக் குடித்தார்’ என்று குடும்பமே மகிழும்.

பெரம்பூரில் ஒரு வீடு. நோயாளி ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வலப்பக்கம் செயலிழந்தவர். பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா பார்க்க வந்தார். தம்பி காபி கேட்டதும் அந்த அம்மாவுக்கு மனம் தாங்கவில்லை. டம்ளரில் ஆற்றி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக அரை டம்ளர் வரை புகட்டிவிட்டார். ஒரு முறைகூட இருமல் வரவில்லை. மாலையில் நான் போனபோது, “எப்படி இருக்கிறீர்கள் அப்பா?” என்றேன். அவர் “ம்” என்றார். தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் களகளவென்று வந்தது அந்தக் குரல். படுக்கையருகே ஸ்டூலில் டம்ளரும், பால் காய்ந்து ஒட்டிய ஸ்பூனும் இருந்தன. இரவே காய்ச்சல். விடிவதற்குள் மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கியது. ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ., வென்டிலேட்டர். மருமகளின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா என்றார்கள். வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், புரையேறியது பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

அவர் பிழைத்து வந்தார். ஆனால், திரும்பிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோயிருந்தது. பிடித்து உட்கார்ந்தவருக்கு உட்காரும் தெம்பும் இல்லை. அடுத்த வாரம் ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து விழுங்கும் திறனைச் சோதிப்பதாக இருந்தது. அது இரண்டு மாதம் தள்ளிப்போனது. பழியெல்லாம் இரவு வேலை பார்த்த அட்டெண்டர் பெண்ணின் தலையில் விழுந்தது. காபி கொடுத்த விஷயமே அவளுக்குத் தெரியாது.

எனவே சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். பேச்சு தெளிவாக வருவதை வைத்து விழுங்கும் திறனும் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். மூக்கில் டியூப் இருப்பது நுரையீரலுக்குக் காவல் அல்ல. கட்டிலின் தலைமாட்டில், ‘வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தீர்த்தம், துளசித் தண்ணீர், மசூதியிலிருந்து வரும் ஓதிய தண்ணீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நெற்றியில் தடவுங்கள், வாயில் விடாதீர்கள். பார்க்க வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

அவர் காபி கேட்பதற்கு வாய் வறட்சியும் ஒரு காரணம். குளிர்ந்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த காஸ் துணியால் நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துடைத்துவிடுங்கள். வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்க வேண்டாம் என்று விட்டுவிடுவது இன்னொரு கேடு. அந்த அழுக்கு எச்சிலும் நுரையீரலுக்குத்தான் போகிறது. தினமும் இரண்டு வேளையாவது, தலையை ஒருபக்கமாகத் திருப்பி வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்துகொண்டே, விழுங்கும் பரிசோதனை எப்போது என்று மருத்துவரை விடாமல் கேளுங்கள். பலருக்கு இந்தத் திறன் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. சோதித்துப் பார்க்காமலே மாதக்கணக்கில் டியூபோடு கிடப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் கெட்டியான பதத்தில் தொடங்கச் சொன்னால், அதே பதத்தில் மட்டும் கொடுங்கள். டியூப் நான்கு வாரத்துக்கு மேலும் தேவைப்படும் என்றால், வயிற்றில் நேராக வைக்கும் பெக் டியூப் பற்றிக் கேளுங்கள்.

தலையணையை மட்டும் உயர்த்துவது

இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், உடம்பு படுத்தேதான் இருக்கும். இடுப்பிலிருந்து மேல்உடம்பு முழுவதும் 30 முதல் 45 டிகிரி வரை உயர வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தும் வாடகைக் கட்டில் இல்லாவிட்டால், நாற்காலியைக் கவிழ்த்து முதுகுக்கு முட்டுக்கொடுங்கள். ஊட்டி முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். டயப்பர் மாற்றுவது, புரட்டுவது எல்லாம் ஊட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சிரிஞ்சை அழுத்தி ஊட்டுவது

பிஸ்டனைக் கழற்றி வைத்துவிடுங்கள். உணவு தன் எடையில் தானே இறங்கட்டும்.

காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் வைப்பது

சென்னை வெயிலில் பால் கலந்த கஞ்சி வெகு சீக்கிரம் கெட்டுவிடும். ஃபிளாஸ்கின் வெதுவெதுப்பு கிருமிகளுக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் செய்து, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள். கேழ்வரகுக் கஞ்சி ஆற ஆற இறுகி டியூபை அடைக்கும். கஞ்சி மட்டுமே கொடுத்தால் புரதம் போதாது, படுக்கைப் புண்ணும் ஆறாது. அளவையும் கலவையையும் டயட்டீஷியனிடம் எழுதி வாங்குங்கள்.

எல்லா மாத்திரையையும் சேர்த்து இடிப்பது

வயிற்றில் கரையாமலிருக்கப் பூச்சுப் போட்ட மாத்திரையையும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. பக்கவாதத்துக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினிலேயே பூச்சு உள்ளதும் இருக்கிறது, இல்லாததும் இருக்கிறது. டியூப் வழியாகக் கொடுக்கிறோம் என்று மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ற மருந்தாக மாற்றி வாங்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கரைத்து, இடையில் தண்ணீர் விடுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட மறக்காதீர்கள்.

செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்குவது

வேண்டாம். தோள்மூட்டு விலகிவிடும். எப்படித் தூக்குவது என்பதை பிசியோதெரபிஸ்ட் காட்டுவார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

டியூப் வெளியே வந்துவிட்டால்

மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். முழுதாக வெளியே எடுத்துவிட்டு, பயிற்சி பெற்ற செவிலியரை அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வேளை உணவு தவறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்டாகிவிட்டது என்றால் நிலைமை வேறு. அதனால்தான் டியூப் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே இன்சுலின் போட வேண்டும் என்கிறேன். போட்ட பிறகு டியூப் வெளியே வந்திருந்தால் குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் பயத்தில் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். 108-ஐ அழைத்து, இன்சுலின் போட்ட நேரத்தையும் அளவையும் முதலில் சொல்லுங்கள்.