ஒயின் நிலவறையைப் புதுப்பிக்கிறீர்களா? மரத்தின் மருந்தை முதலில் விசாரியுங்கள்

பிரான்சின் புர்கோஞ் பகுதியில், போன் நகரத்தைச் சுற்றியுள்ள ஒயின் நிலவறைகளைச் செப்பனிடும் கொத்தனார் நான். சுண்ணாம்பு குழைக்கப் புதுச்சேரியில் என் தாத்தாவிடம் கற்றேன். இங்கே நிலவறை வைத்திருப்பவர்களுக்கும், இந்த வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. ஒரு குடும்பத்தின் நிலவறைக்குப் பெயின்ட், பசை, பலகை எல்லாவற்றையும், அறைக் காற்றைக் கெடுக்காது என்று காட்டும் ஏ பிளஸ் முத்திரை பார்த்துத்தான் வாங்கினேன். கூரைக்கு மட்டும் ஒரு மரவாடியில் இருந்த பைன் உத்திரங்களை எடுத்தேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம். இரண்டாவது குளிர்காலத்தில் பீப்பாயிலிருந்த ஒயினில் நனைந்த கோணிச் சாக்கு வாடை அடித்தது. இந்த வாடைக்கு வழக்கமாகப் போத்தல் தக்கையைத்தான் குறை சொல்வார்கள். இங்கே தக்கைமேல் பழி போட வழியில்லை, அந்த ஒயினை அதுவரை போத்தலில் அடைக்கவே இல்லை. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது ட்ரைபுரோமோஅனிசோல் என்று வந்தது. உத்திரங்களைக் கழற்றினோம், பீப்பாய்களையும் கழித்துக் கட்டினோம். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நடந்தது இதுதான். மர மருந்திலும், தீத்தடுப்புப் பூச்சிலும் ட்ரைபுரோமோஃபீனால் என்ற பொருள் இருக்கலாம். ஈரத்தில் வளரும் பூஞ்சை அதை ட்ரைபுரோமோஅனிசோலாக மாற்றிவிடும். அது காற்றில் கலந்து பீப்பாய், தக்கை, பிளாஸ்டிக் உறை என்று எதிலும் ஏறும். போர்தோ பக்கத்து ஆய்வாளர் பாஸ்கல் ஷத்தோனேயும் அவருடைய குழுவினரும் 2004இல் இதை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 4 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் 25 கோடி லிட்டரைக் கெடுக்கும். குளோரின் வழியாக வரும் ட்ரைகுளோரோஅனிசோலும் இதே ஜாதிதான். பழைய மரங்களில் அடித்த பென்டாகுளோரோஃபீனால், தரை கழுவும் பிளீச், இரண்டுமே அதற்கு விதை.

அப்போ ஏ பிளஸ் முத்திரை எதற்கு? அது நல்ல முத்திரைதான். பொருளை 28 நாள் சோதித்து, ஒரு கனமீட்டர் காற்றில் ஃபார்மால்டிஹைடு 10 மைக்ரோகிராமுக்குக் கீழும், ஆவியாகும் பொருள்கள் மொத்தம் 1000 மைக்ரோகிராமுக்குக் கீழும் இருந்தால்தான் அதைப் போடலாம். படுக்கையறைக்கு இது போதும். ஆனால் அது பார்க்கும் பத்துப் பொருள்களில் இந்த அனிசோல்கள் இல்லை. அதனால் கடைக்காரரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இதில் குளோரினோ புரோமினோ சேர்ந்த மருந்து, தீத்தடுப்பு ஏதாவது இருக்கிறதா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

மரம் வேண்டுமென்றால் மருந்து ஏற்றாத ஓக் அல்லது செஸ்ட்நட் எடுங்கள். சரக்கு வரும் மரத் தட்டுகளை உள்ளே விடாதீர்கள். 'ஹெச்.டி.' முத்திரை இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது என்று மட்டும்தான் அர்த்தம், மேலே வேறு மருந்து அடிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி இல்லை. குளிர் காக்க, தன் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும் கருந்தக்கைப் பலகையோ நுரைக்கண்ணாடியோ போடுங்கள். தெளித்து அடிக்கும் நுரையை நான் தொடுவதில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு. மூட்டையில் என்.எச்.எல். 3.5 என்று போட்டிருக்கும், தண்ணீரோடு சேர்ந்து இறுகும் வகை. சிமென்ட் பூசினால் ஈரம் கல்லுக்குள்ளேயே அடைபட்டு நிற்கும். சுண்ணாம்பு மூச்சு விடும், அதன் காரத்தில் பூஞ்சையும் எளிதில் வேர் பிடிக்காது. ஊரில் தாத்தா காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பார். இங்கே அதைச் செய்யாதீர்கள். ஈர நிலவறையில் வெல்லம் பூஞ்சைக்குச் சோறு. சுண்ணாம்பும் மணலும் தண்ணீரும் மட்டும் போதும், மேலே இரண்டு கை வெள்ளையடிப்பு. கழுவுவதற்குப் பிளீச் வேண்டாம், நீராவியும் சோடியம் பெர்கார்பனேட்டும் நன்றாக வேலை செய்யும்.

காற்றுக்குத் தாழ்வாக ஒரு திறப்பும் உயரத்தில் ஒன்றும் எதிரெதிராக வையுங்கள். கோடைப் பகலில் இரண்டையும் மூடிவிடுங்கள். 30 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தோடு வரும் காற்று 21 டிகிரியிலேயே வியர்க்கத் தொடங்கும். உங்கள் சுவரோ 13 டிகிரி. குளிர்ந்த இரவுகளில் திறங்கள்.

நொதிக்கும் தொட்டிகளும் அதே இடத்தில் இருந்தால் இது உயிர் விஷயம். ஒரு லிட்டர் திராட்சைச்சாறு நொதிக்கும்போது ஐம்பது லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும். மெழுகுவத்தி ஏற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது அணைவதற்குள் ஆபத்து அளவு தாண்டியிருக்கும். அளவுமானியை முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். தனியாக இறங்காதீர்கள்.

வேலை முடிந்ததும் பீப்பாயை உடனே இறக்க வேண்டாம். நான் ஒரு மாதமாவது வெறுமையாக விடுகிறேன். அப்புறம் ஆய்வகத்தில் பென்டோனைட் களிமண் வாங்கி, தட்டில் பரப்பிச் சில நாள் உள்ளே வைத்துத் திருப்பி அனுப்புவேன். காற்றில் இருப்பதை அந்த மண் பிடித்துக்கொள்ளும். கூடவே, காலையில் காப்பி குடிக்கும் முன் கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் மூக்கு பழகிவிடும், அதற்குப் பிறகு முகர்ந்தால் தெரியாது. களிமண் முடிவு சுத்தமாக வந்த பிறகுதான் முதல் பீப்பாயை உருட்டுகிறோம்.