இன்ஜின் கோர்க்கும் முன்: கார்பனும் கூலன்ட்டும்

அலுமினிய சிலிண்டர் ஹெட்டிலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கார்பனை எடுக்க காஸ்டிக் சோடா கரைசல் வேண்டவே வேண்டாம். அது கார்பனைவிட அலுமினியத்தைத்தான் வேகமாக அரிக்கும். கழற்றிய பிஸ்டன்களை இரவு முழுக்க மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, மறுநாள் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள்.

கிரைண்டரில் மாட்டும் உராய்வு டிஸ்க்கால் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் முகத்தைத் தேய்ப்பது பெரிய தவறு. உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு தூள் ஆயில் வழிக்குள் போனால் புது பேரிங்கையே தின்றுவிடும். பிஸ்டன் ரிங் பள்ளத்திலுள்ள கார்பனைச் சுரண்டப் பழைய ரிங்கின் உடைந்த துண்டு போதும், ஆனால் பள்ளத்தின் பக்கச் சுவரில் கீறல் விழக்கூடாது. ஆயில் ரிங் பள்ளத்திலுள்ள சிறு துளைகள் அடைத்திருந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கும். கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். பிளாக்கில் ஹெட் போல்ட் துளைகளைக் காற்றடித்துக் காயவையுங்கள். தேங்கிய திரவத்தின் மேல் போல்ட்டை முறுக்கினால் டார்க் (முறுக்கு விசை) அளவு பொய்யாகும், பிளாக்கே விரிசல் விடலாம்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுத் தரம் கிடையாது. கையேடு சொல்லும் வகையையே எடுங்கள். பழைய சிலிகேட் வகையும் ஓஏடி (ஆர்கானிக் ஆசிட்) வகையும் கலந்தால் துருத்தடுப்பு குறையும், சிலவேளை கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) என்றால் டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி. போர்த் தண்ணீர் உப்புப் படியவைக்கும். ரெடிமிக்ஸில் (முன்பே தண்ணீர் கலந்தது) தண்ணீரே சேர்க்கக்கூடாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து நிரப்பி, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட் வழியைத் திறக்கும் வால்வு) திறக்கும்வரை இன்ஜினை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து அளவு பாருங்கள்.