நாள் முழுக்கக் குனியும் பல் மருத்துவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பல் மருத்துவம் பார்க்கிற பலருக்கு ஒரே நாளில் இரண்டு வேலை. காலையில் ஏதாவது ஒரு கல்லூரி, மாலையில் சொந்த கிளினிக். கிளினிக் கிளினிக்காகப் போய் வேலை செய்கிற கன்சல்டன்ட் என்றால் இன்னும் மோசம். எண்டோ கிட்டை (வேர் சிகிச்சைக் கருவிகளை) வண்டியில் வைத்துக்கொண்டு வேளச்சேரியில் ஒரு ஆர்.சி.டி. (வேர் சிகிச்சை), அதை முடித்துவிட்டு டிராஃபிக்கில் நீந்திப் போய் போரூரில் இன்னொன்று. மற்றவர்களுக்கு ஆபீஸ் முடிகிற நேரத்தில்தான் நமக்குக் கூட்டம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான். இவர்களிடம் போய் "தினமும் விடியற்காலையில் பெசன்ட் நகர் பீச்சில் நடங்கள்" என்றால் சிரிப்புதான் வரும்.

நடப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பைக் கவனிப்பதை வேலை முடிந்த பிறகு செய்கிற விஷயமாக ஒதுக்கி வைப்பதுதான் முதல் தவறு. நம் உடம்பு கெடுவது டென்டல் சேருக்குப் பக்கத்தில். எட்டு மணி நேரம் அங்கே கோணலாக உட்கார்ந்துவிட்டு, அரை மணி நேர நடையில் அதை நேராக்கிவிட முடியாது.

கழுத்தை எடுத்துக்கொள்வோம். மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் அதை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். குனியக் குனிய, கழுத்தின் பின்பக்கத் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். வேலை செய்யும்போது கழுத்து 20 டிகிரிக்கு மேல் குனியக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். மேல் கடைவாய்ப் பல்லில் எம்.பி.2 என்கிற, எளிதில் கண்ணில் படாத வேர்க்குழாயைத் தேடிக்கொண்டிருக்கும்போது எத்தனை டிகிரி என்று கூட இருப்பவரை ஒரு போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், தெரியும். குனிவது மட்டும் பிரச்சினை இல்லை, குனிந்தபடி அசையாமல் இருப்பதுதான் பெரிய பிரச்சினை. இறுகியே இருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, வலி அங்கே குடியேறுகிறது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் நம் தயக்கம். மேல்தாடையில் வேலை என்றால் பேஷன்ட்டை முழுக்கப் படுக்க வைத்து, முகவாயைத் தூக்கச் சொல்லி, மௌத் மிரரில் பார்த்துச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் படித்ததுதான். ஆனால் "அம்மா, தலையை இந்தப் பக்கம் நல்லா திருப்புங்க" என்று மூன்றாவது முறை கேட்கக் கூச்சப்பட்டு, நாமே வளைந்துவிடுகிறோம். படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள், வயிறு பெரிதான கர்ப்பிணிகள் விதிவிலக்கு. அவர்களை நிமிர்த்தி உட்கார வைத்து, நாம் எழுந்து நின்று செய்யலாம். மற்றவர்கள் பத்து நிமிடம் தலையைத் திருப்பி வைத்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

லூப்ஸ் (பல்லைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) வாங்கிவிட்டால் கழுத்து சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்று மட்டும் பார்த்துக் கண்காட்சி ஸ்டாலில் தள்ளுபடிக்கு வாங்கினால், காசு கொடுத்து வலியை வாங்கின கதைதான். கண்ணுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் போதாவிட்டால், அதற்காகவே இன்னும் குனிவீர்கள். நீங்கள் உட்காருகிற ஸ்டூலில், உங்கள் உயரத்துக்கு அளவெடுத்து வாங்குங்கள். நண்பர் விற்கிற பழையது வேண்டாம்.

அப்புறம் மாத்திரை. மருந்து கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள் டிராயரில் கிடக்கும். பேஷன்ட்டுக்கு மூன்று நாளைக்கு மேல் அசிக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையை எழுத யோசிக்கிற டாக்டர், தன் தோள்வலிக்கு மாதக்கணக்கில் போட்டுக்கொள்வார். வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம் எல்லாம் அவருக்கும் உண்டு. போதாததற்கு, மாஸ்க்கைக் கழற்ற வேண்டும், நடுவில் பாத்ரூம் போக வேண்டும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. வெளியே வெயில் கொளுத்துகிற ஊரில், ஏ.சி. அறைக்குள் தாகம் தெரியாமல் உடம்பு வற்றும். இந்த நிலையில் வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதை மாத்திரையால் மூடி வைக்காதீர்கள்.

ஜிம்மில் சேர்ந்தவர்கள் செய்வதும் ஒன்று உண்டு. ஏற்கெனவே முன்பக்கம் சுருங்கிய தோளை வைத்துக்கொண்டு பெஞ்ச் பிரஸ்ஸில் இறங்குவது. நமக்குத் தேவை முதுகின் மேல்பக்கத்துக்கான இழுக்கிற பயிற்சிகள். கிளினிக்கிலேயே, அசிஸ்டென்ட் சேரைத் துடைக்கிற நேரத்தில் வாசல் நிலையைப் பிடித்து மார்பை விரிப்பது, முகவாயைப் பின்னுக்கு இழுப்பது, மணிக்கட்டை எதிர்ப்பக்கம் மடக்குவது. முப்பது விநாடி போதும், ஆனால் ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் நடுவில்.

பேஷன்ட்டுக்குப் போட்ட ஊசி தவறி நம் கையில் குத்திவிடுவதைப் பற்றிப் பேசவே பலருக்குப் பிடிக்காது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி "காலேஜில் போட்டேன்" என்பார்கள். மூன்றாவது டோஸுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு 10 mIU/ml-ஐத் தாண்டியதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? அசிஸ்டென்டுக்குத் தடுப்பூசியே போட்டிருக்காது. குத்திவிட்டால் விரலைப் பிதுக்குவது, ஸ்பிரிட் ஊற்றுவது இரண்டும் தவறு. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் முடிந்தவரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது கிடைக்கும். இரவு ஒன்பதரை மணி, கடைசி பேஷன்ட், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கிளம்புவதுதான் இதில் பெரிய தவறு.

எக்ஸ்ரே எடுக்கும்போது பேஷன்ட் வாயில் ஃபிலிமை நாமே விரலால் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். ஹோல்டர் எதற்கு இருக்கிறது?

மனசு விஷயத்தில் பல் மருத்துவர்கள் கொஞ்சம் தனித்தவர்கள். சிறிய கிளினிக்கில் ஒரே டாக்டர். வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் ஃபைல் பல்லுக்குள் உடைந்த அன்று, கூகுளில் யாரோ ஒற்றை ஸ்டார் போட்ட அன்று, சேர் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய அன்று, புலம்ப சக டாக்டர் பக்கத்தில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கேஸ் போட்டோ போடுவோம், இதைச் சொல்ல மாட்டோம். தூக்கமில்லாத நாட்கள் நீண்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

அப்பாயின்ட்மென்ட் நோட்டையும் ஒருமுறை பாருங்கள். புதைந்த ஞானப்பல்லை இரவு எட்டரைக்குப் போட்டிருந்தால், அதை மாலையின் முதல் கேஸாக மாற்றச் சொல்லுங்கள். எட்டரைக்கு ஸ்கேலிங் (பல் சுத்தம் செய்வது) போதும்.