கோர்த்தெஸ் கதையில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

1519-இல் கோர்த்தெஸ் தலைமையில் ஐந்நூற்றுச் சொச்சம் ஸ்பானியர்கள் மெக்சிகோ கரையில் இறங்கினார்கள். அரசன் அவர்களைக் கடவுள் என்று நம்பி வரவேற்றான், குதிரையையும் துப்பாக்கியையும் கண்டு மக்கள் மிரண்டார்கள், இரண்டே ஆண்டில் பேரரசு சரிந்தது. தமிழில் இந்தக் கதை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆண்டும் ஆள்கணக்கும் சரிதான். மற்றதைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் கடவுள் கதை. 1519 நவம்பர் 8 அன்று தலைநகர் தெனோச்தித்லானுக்குள் கோர்த்தெஸ் நுழைந்தபோது, அரசர் மொதேக்சோமா அவரைக் கெட்சால்கோவாட்ல் என்ற தெய்வமாக எண்ணி ஆட்சியை ஒப்படைத்தார் என்பார்கள். அந்தப் பேச்சைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று கோர்த்தெஸ் தம் அரசருக்கு எழுதிய இரண்டாம் கடிதம். அதன் தேதி 1520 அக்டோபர் 30, அதாவது ஏறக்குறைய ஓராண்டு கழித்து. அதில் தூரதேசத் தலைவன் ஒருவனைப் பற்றிய பேச்சு உண்டு, கெட்சால்கோவாட்ல் பெயர் இல்லை. அந்தப் பெயர் கோர்த்தெஸோடு ஒட்டிக்கொண்டது சில பத்தாண்டுகளுக்குப் பிறகு.

அந்தப் பேச்சு எத்தனை வாய் மாறி வந்தது என்பதையும் பாருங்கள். கப்பல் உடைந்து மாயா மக்களிடையே பல ஆண்டு வாழ்ந்த அகிலார், கோர்த்தெஸின் ஸ்பானிஷை மாயா மொழிக்கு மாற்றுவார். மலின்ட்சின் என்ற பெண் அதை அரசவையின் மொழியான நாவாட்லுக்கு மாற்றுவார். பதில் அதே வழியில் திரும்பி வரும். போதாக்குறைக்கு, நாவாட்ல் அரசவைப் பேச்சு பணிவை அடுக்கும் பேச்சு. ‘உங்கள் அரியணையை உங்களுக்காகக் காத்து வைத்திருந்தேன்’ என்பது அங்கே உபசார வார்த்தை. ‘இது உங்க வீடு மாதிரி’ என்று விருந்தாளியிடம் சொல்பவர் பத்திரத்தை மாற்றி எழுதித் தருவதில்லை.

எழுதியவரின் தேவையும் இருக்கிறது. கூபா ஆளுநர் வெலாஸ்கெஸின் கட்டளையை மீறிக் கிளம்பியவர் கோர்த்தெஸ். மொதேக்சோமா தானாகவே ஸ்பெயின் அரசருக்குப் பணிந்துவிட்டார் என்றால், அதன் பிறகு எதிர்த்தவர்கள் எல்லாம் கலகக்காரர்கள், போர் சட்டப்படியானது. அந்தக் கடிதத்துக்கு இப்படியொரு பதில் மிகவும் வேண்டியிருந்தது.

எனவே எந்த மேற்கோளை எடுத்தாலும் பக்கத்தில் மூன்று தேதி குறியுங்கள்: நிகழ்ந்தது, எழுதப்பட்டது, அச்சானது. கோர்த்தெஸின் வரலாற்றை எழுதிய கோமாரா மெக்சிகோவுக்குப் போனதே இல்லை, அவர் நூல் அச்சானது 1552-இல். பெர்னால் தியாஸ் போரில் இருந்தவர். ஆனால் எழுதி முடித்தது 1568-இல், அச்சானது 1632-இல். துறவி சகாகுனும் நாவா மாணாக்கர்களும் தொகுத்த ப்ளோரென்டைன் சுவடி 1570-களில் முழுமை பெற்றது. அதில் இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் நாவாட்ல். இரண்டும் ஒன்றல்ல. பல இடங்களில் ஸ்பானிஷ் சுருக்கம் மட்டுமே. எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்று பார்க்காமல் ‘பூர்வகுடிகளே சொன்னார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது பெயர்கள். ‘செவ்விந்தியர்’ வேண்டாம். அது வட அமெரிக்காவிலிருந்து வந்த அடைமொழி, அங்கேயே இப்போது இழிசொல்லாகக் கருதப்படுவது. ‘அஸ்டெக்’ 19-ஆம் நூற்றாண்டில் பரவிய பெயர். தெனோச்தித்லான் மக்கள் தங்களை மெஷிகா என்றார்கள் (எக்ஸ் எழுத்தை ‘ஷ’ என்று படிக்க வேண்டும், அண்டை அரசான த்லஷ்கலாவின் பெயரும் அப்படியே). ‘மாண்டசூமா’ என்பது மொதேக்சோமா என்ற பெயர் ஆங்கிலம் வழியாக நம்மிடம் திரிந்து வந்த வடிவம்.

பெயரில் விழும் பிழை சும்மா பெயரோடு நிற்பதில்லை. எல்லாரையும் ‘இந்தியர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டியதும், ஸ்பானியர்களோடு சேர்ந்த த்லஷ்கலாவுக்கும் மலின்ட்சினுக்கும் எட்டப்பன் பட்டம் வந்துவிடும். அங்கே ஒருவருடைய நாடு அவருடைய அல்தெபெட்ல். நீர், மலை என்ற இரு சொல் சேர்ந்த சொல் அது, நகர அரசு என்று கொள்ளலாம். த்லஷ்கலா மக்களும் நாவாட்ல் பேசியவர்களே. ஆனால் மெஷிகா கூட்டணி அவர்களைச் சுற்றி வளைத்து உப்பும் பருத்தியும் கிடைக்காமல் செய்திருந்தது. 1519 செப்டம்பரில் அவர்கள் முதலில் ஸ்பானியர்களோடு போரிட்டார்கள், பிறகுதான் கைகோத்தார்கள். மலின்ட்சினோ, தபாஸ்கோவில் கோர்த்தெஸிடம் ஒப்படைக்கப்பட்ட 20 அடிமைப் பெண்களில் ஒருவர். மெஷிகாவுக்கு அவர் எந்த விதத்தில் கடன்பட்டவர்?

ஐந்நூறு பேர் பேரரசை வீழ்த்தினார்கள் என்பதும் இதே மூட்டையிலிருந்து வருவதுதான். 1520 ஜூன் 30 இரவு தெனோச்தித்லானிலிருந்து உதை வாங்கி ஓடியவர்களும் அதே ஸ்பானியர்கள்தான், குதிரையும் துப்பாக்கியும் கையில் இருக்கும்போதே. 1521 முற்றுகையில் அவர்களோடு நின்றவர்கள் த்லஷ்கலாவையும் ஏரிக்கரை நகரான தெஷ்கோகோவையும் சேர்ந்த பல்லாயிரக்கணக்கான வீரர்கள். ஏரியில் இறக்கிய 13 படகுகளுக்கு மரம் வெட்டியதும், மலை தாண்டிப் பாகம் பாகமாகச் சுமந்து வந்ததும் த்லஷ்கலாக்காரர்கள். (கோர்த்தெஸ் தம் கப்பல்களை ‘எரித்தார்’ என்பதும் தவறு. தரைதட்ட வைத்தார். கழற்றி வைத்த பாயும் கயிறும் இரும்பும் பின்னர் இந்தப் படகுகளுக்கே உதவின.)

நோயைப் பற்றி எழுதும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். பெரியம்மை 1520-இல், கோர்த்தெஸைப் பிடிக்க வெலாஸ்கெஸ் அனுப்பிய நர்வாயெஸின் படையோடு வந்தது. மெஷிகா நகரைத் தாக்கியது ஸ்பானியர்கள் துரத்தப்பட்ட பிறகு. புதிய அரசர் குயிட்லாவாக் அதில் இறந்தார். ஆனால் த்லஷ்கலாவின் தலைவர் மஷீஷ்கட்சினும் அதே அம்மையில்தான் போனார், அது கட்சி பார்க்கவில்லை. போர்வையில் அம்மை கொடுத்த கதையை இங்கே ஒட்டாதீர்கள். அது 1763-இல், வட அமெரிக்காவின் பிட் கோட்டையில் நடந்தது. 1545, 1576 ஆண்டுகளின் கோகோலிஸ்ட்லி கொள்ளைநோய்கள் வேறு. ஒவாஹாகாவின் இடுகாடு ஒன்றில் முதல் கொள்ளைநோயில் இறந்தவர்களின் பற்களில் சால்மோனெல்லா கிருமியின் மரபணு கிடைத்ததாக 2018-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நோயை மட்டும் சொல்லி நிறுத்தினால் கட்டாய உழைப்பும் பசியும் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

மக்கள்தொகைக்கு ஒரே எண்ணைக் கொடுக்காதீர்கள். 1519-க்கு ஆய்வாளர்கள் குக், போரா இருவரின் மதிப்பீடு 2.5 கோடி, ரோசன்பிளாட்டின் மதிப்பீடு 45 லட்சம். வேறுபாடு ஐந்து மடங்குக்கு மேல். யாருடைய எண் என்று சொல்லாமல் ‘90 சதவீதம் அழிந்தது’ என்றால் அது வெறும் வாய்க்கணக்கு.

நரபலியிலும் அதே எச்சரிக்கைதான். 1487-இல் தெனோச்தித்லானில் நடந்த கோயில் விழாவின் நான்கு நாளில் பலியானவர்கள் 80,400 பேர் என்கிறது ஒரு காலனியக் கணக்கு. வகுத்துப் பாருங்கள்: இரவு பகல் நிற்காமல் நிமிடத்துக்குப் பதினான்கு பேர். நம்ப முடியாது. அதற்காக எல்லாம் ஸ்பானியப் பொய் என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் முடியாது. மெக்சிகோ நகரில் 2015 முதல் தோண்டியெடுக்கும் மண்டையோட்டு மேடையில் 600-க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன.

கடைசியாக, 1521 ஆகஸ்ட் 13-இல் நகரம் விழுந்ததோடு கதையை மூடுவது. மாயாக்களின் நோஹ்பெதென் நகரம் விழுந்தது 1697-இல். த்லஷ்கலா நகர சபை 1540-கள் முதலே ரோமன் எழுத்தில், நாவாட்ல் மொழியில், தன் கூட்டக் குறிப்புகளை எழுதி வைத்தது. இன்றும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாவாட்ல் பேசுகிறார்கள்.