ஓ.ஆர்.எஸ். கணக்கு: கிராம் நினைவிருக்கும், லிட்டர் மறந்துபோகும்

போன வாரம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு மருத்துவ மாணவி, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸின் கலவையை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. "எவ்வளவு தண்ணிக்கும்மா?" என்றேன். முழித்தார். நானும் அதே இடத்தில் முழித்தவன்தான். என்ன, நான் முழித்தது வார்டில். ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இவை.

லிட்டரை விட்டுவிடுவது

பயிற்சி மருத்துவராக இருந்தபோது, வயிற்றுப்போக்கோடு வந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் அம்மாவிடம் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை நீட்டி, "தண்ணில கலந்து அப்பப்போ கொடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலமே குழந்தை திரும்பி வந்தது. நாக்கு வறண்டு, வீறிட்டு அழுதுகொண்டு, தண்ணீரைக் கண்டால் டம்ளரைப் பிடுங்கியது. முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கியிருக்கிறார்கள். "எவ்ளோ தண்ணின்னு நீங்க சொல்லலியே சார்" என்றார் அம்மா. சொல்லவில்லைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 75 மில்லிமோல் (கரைந்த பொருளின் அளவைச் சொல்லும் அலகு) இருக்க வேண்டிய சோடியம், 200 மி.லி. டம்ளரில் 375-க்கு நிகராகிவிடும். ரத்தத்திலேயே 135 முதல் 145 வரைதான். ஆஸ்மோலாரிட்டி, அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்தக் கணக்கு, 245-க்குப் பதில் 1,225. குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இறங்கும். ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரை போகும். நல்லவேளை, அந்தக் குழந்தை பாதிக்கு மேல் வாந்தி எடுத்திருந்தது.

இன்றும் "கலந்து கொடுங்க" என்று மொட்டையாக யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் கடையில் இருக்கிறது, உறையைப் படியுங்கள். லிட்டர் பாக்கெட் என்றால், காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

பழைய கணக்கைக் கலப்பது

உப்பு 3.5 கிராம், குளுக்கோஸ் 20 கிராம், ஆஸ்மோலாரிட்டி 311 என்றால் அது 2002-க்கு முந்தைய கலவை. சீனியர் நோட்டை ஜெராக்ஸ் எடுக்கும்போது இதுவும் கூடவே வந்துவிடும்.

காரணம் தெரியாமல் உருப்போடுவது

சிறுகுடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால்தான் கலவையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, லிட்டருக்கு 75, 75 மில்லிமோல். எண்களில் சந்தேகம் வந்தால் மின்னூட்டத்தைக் கூட்டுங்கள், நேர், எதிர் இரண்டும் சமமாக வர வேண்டும். நேர் பக்கம் சோடியம் 75, பொட்டாசியம் 20, ஆக 95. எதிர் பக்கம் குளோரைடு 65, சிட்ரேட் ஒவ்வொன்றுக்கும் மூன்று மின்னூட்டம் என்பதால் 10-க்கு மூன்று மடங்கு 30, அதுவும் 95. இடிக்கிறதென்றால் எங்கோ ஓர் எண் தப்பு.

கலந்த பிறகு காய்ச்சுவது

கூடாது. முதலில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவையுங்கள், அப்புறம் பொடி.

நேற்றைய மிச்சம்

24 மணி நேரம் தாண்டினால் கொட்டுங்கள்.