மைத்துனரிடமிருந்து திரும்பி வந்த டிரில் மெஷின்

மைத்துனர் இரவல் வாங்கிப் போன டிரில் மெஷின் ஒரு மாதம் கழித்து, துடைத்துப் பளிச்சென்று திரும்பி வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 8 மி.மீ. பிட்டால் சுவரில் துளையிட்டேன். அதே அளவு பிளாஸ்டிக் பிளக் உள்ளே லொடலொடவென்று ஆடியது. சுழலும்போது பிட்டின் நுனி வட்டம் போட்டது.

பிட் வளைந்திருக்கும் என்று புதிது வாங்கினேன். அதுவும் ஆடியது. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் சாவியை அதன் மூன்று துளைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டு இறுக்கினேன். பயனில்லை. பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி மெஷினையே பிரித்ததில் இரண்டு நாள் வீண். பேரிங்கில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள், மின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கின் தாடைகளை முழுதாக விரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில், தூசிக்குள் ஒரு திருகு! வலப்பக்கம் முடுக்கினால் இறுகுவதற்குப் பதில் கழன்று வந்தது. அதற்கு மரை தலைகீழ். ரிவர்ஸில் ஓடும்போது சக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் திருகு அது. இடப்பக்கம் முடுக்கினால்தான் இறுகும். சக்கை வலப்பக்கம் கையால் நன்றாக இறுக்கிவிட்டு, திருகை இடப்பக்கம் முடுக்கினேன். ஆட்டம் நின்றது. அப்பாடா!

விசாரித்தால், துருப்பிடித்த கீல் திருகுகளை எல்லாம் ரிவர்ஸில் போட்டுக் கழற்றினாராம். தளர்ந்திருந்த திருகு சக்கைப் பிடிக்கவில்லை.

நேற்று மறுபடியும் கேட்டார். கொடுத்தேன், நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றையும் சேர்த்து.